ஏழு இலக்கச் சாலை

"ஏழு. அப்புறம் இது என்ன, ஒண்ணா, இன்னொரு ஏழா? ஏங்க, கோட்டை நல்லா இழுத்துப் போடுங்க."

கணவரின் ஆள்காட்டி விரல் அவள் உள்ளங்கையில் மறுபடி ஊர்ந்தது. ஒன்றுதான். அவருக்குப் பேச்சு நின்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. தலைக்குள் வளர்ந்த கட்டி முதலில் நாக்கைத்தான் கேட்டது. தகராறு செய்யாமல் கொடுத்துவிட்டார். காலையில் வந்த டாக்டர், "இன்னிக்குத் தாண்டாதும்மா" என்று மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஏழு இலக்கமும் சேர்ந்ததும் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். அவர் எதைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சாலையைக் கேட்கிறார்.

உலகங்களை உண்டாக்குவது அவருடைய வேலை. அலுவலகத்தில் அவரைப் பிரம்மா என்றே கூப்பிட்டார்கள். அடையாள அட்டையில் மட்டும்தான் வேறு பெயர். கணினி விளையாட்டுகளில் ஆட்கள் திரிவதற்கான மலை, ஆறு, காடு எல்லாம் அவர் எழுதிய நிரலிலிருந்து வந்தவை. ஒரு மலையைக்கூட அவர் கையால் வரைந்ததில்லை. நிரலுக்கு ஓர் எண்ணைக் கொடுத்தால் அது பகடை உருட்டும். முதல் உருட்டலில் மலை, இரண்டாவதில் ஆறு, மூன்றாவதில் சாலை. சாலை ஏறினால் இசையும் ஏறும், இறங்கினால் இறங்கும், வளைந்தால் தாளம் மாறும். எண் மாறாதவரை உருட்டலும் மாறாது. பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் அதே மலைதான், அதே பாட்டுதான்.

இப்படி நாற்பதாயிரம் உலகங்கள் செய்தார். ஒரு வருடம் ஏதோ கணக்குப் பிசகி ஆறெல்லாம் மேல்நோக்கி ஓடின. மலையுச்சியில் கடல் தேங்கி, மீன்கள் பனியில் குந்தியிருந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். நாற்பதாயிரத்தில் ஒன்றில்கூடக் கழிப்பறை இல்லை என்பதுதான் அவளுடைய ஒரே குறை.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாளெல்லாம் அடுத்தவர் மிதிக்க மறந்த பிரேக்கைத் தான் மிதித்துவிட்டு வீடு திரும்புவாள். கல்யாணமான வருடம் அவர் அவளுக்குக் கொடுத்தது அந்த ஏழு இலக்கத்தைத்தான். பக்கத்தில் மாணவர் யாரும் உட்கார்ந்திராத ஒரு மலைச்சாலை. எண்ணை அவர் தட்டுவார், அவள் ஓட்டுவாள். வண்டி ஓடினால்தான் இசை. மூன்றாவது வளைவில் பாட்டு ஒரு படி இறங்கி, இறங்கிய இடத்திலேயே கொஞ்சம் தயங்கும். முதல்முறை அந்த இடத்தில் நீ சிரித்தாய் என்பார் அவர். அழுதேன் என்பாள் அவள். இருபத்திரண்டு வருடமாக அந்த வழக்கு முடியவில்லை.

கணினியைக் கட்டிலருகே இழுத்துவந்து எண்ணைத் தட்டினாள்.

மலை வரவில்லை. வெறும் சமவெளி. நடுவே அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல ஒரு சாலை. விசையை அழுத்தி வண்டியை நகர்த்தினாள். ஒரே ஒரு சுரம் 'ம்ம்' என்று நீண்டது.

"ஃபிரிட்ஜ் ஓடற மாதிரி இருக்கே அண்ணி" என்றார் கொழுந்தன். பேக்கரி வைத்திருப்பவர், கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து, அண்ணனின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒண்ணை மாத்தி ஏழு போட்டுப் பாருங்க."

போட்டாள். சாலை நேராகக் கடலுக்குள் போயிற்று.

கணவரின் நெற்றி சுருங்கியது. அவள் கையைத் தேடிப் பிடித்து எழுதினார். அதே ஏழு இலக்கம். இந்தமுறை நகம் பதிந்தது.

அலுவலகத்தில் கணவரின் பக்கத்து மேசைக்காரனுக்குப் போன் செய்தாள். சோடாபுட்டி என்றால்தான் அந்த அலுவலகத்தில் தெரியும். இருபது நிமிடத்தில் வந்தவன் சீட்டைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், பிறகு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போனான்.

"எண்ணு சரிதான்க்கா."

"அப்போ ரோடு எங்கடா?"

"நாலு மாசம் முன்னாடி நிரலை மாத்தினாரு. புல்லு அசையணும், அதுக்குக் காத்து வேணும்னு புதுசா ஒரு உருட்டல். அதைக் கொண்டுபோய் முதல்ல வச்சுட்டாரு."

"வச்சா என்ன?"

"மலைக்கு விழ வேண்டியது இப்போ காத்துக்கு விழுது. ஆத்துக்கு விழ வேண்டியது மலைக்கு. எல்லாமே ஒரு இடம் தள்ளிப்போச்சு. பழைய எண்ணு எதுவுமே இனிமே பழைய உலகத்தைக் கொடுக்காது."

குழாய் சொட்டியது. அவள் அதை இறுக்கினாள்.

"கடைசியில சேர்த்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுக்கா. புதுசா வேலைக்கு வர்றவன் பண்ற தப்பு. இதுக்குத்தான் எங்களை அவ்வளவு திட்டுவாரு."

"ஒருத்தன்கூடச் சொல்லலையா?"

"பிரம்மாகிட்ட யாருக்கா போய்ச் சொல்றது?"

"பழைய நிரல் இருக்குமில்ல?"

"எண்ணு இருக்கில்ல, குப்பையை எதுக்குடா சேர்க்கறேன்னு அவரே உட்கார்ந்து அழிச்சாரு. சிரிச்சுக்கிட்டே அழிச்சாரு." ஹெல்மெட்டுக்குள் அவன் கண்ணாடி பனித்துவிட்டது. "நீங்க எப்பவாவது போன்ல அந்தப் பாட்டைப் பிடிச்சு வச்சிருக்கீங்களா?"

இல்லை. தன் வீட்டு வாசல் தெருவை யாராவது பிடித்து வைத்துக்கொள்வார்களா?

திரும்பி வந்தபோது கணவர் கண்ணை மூடியிருந்தார். ஆனால் காது விழித்திருந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்த முகத்தில் காது விழித்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். செய்தது அவரேதான் என்று அவரிடம் யார் சொல்வது? கொழுந்தன் அவளைப் பார்த்தார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் அண்ணனின் பாதங்களுக்குத் திரும்பிவிட்டார்.

"நான்தாங்க தப்பாத் தட்டிட்டேன்" என்றாள். "இந்தக் கை இருக்கே, ஸ்டியரிங் பிடிக்கத்தான் லாயக்கு. இதோ, இப்போ சரியாப் போட்டுட்டேன்."

இடது கையை அவர் கைக்குள் கொடுத்தாள். வலது கை விசையை அழுத்தியது. சமவெளி, நேர்சாலை, 'ம்ம்'.

அவர் காத்திருந்தார். முதல் வளைவு ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

"மெதுவாப் போறேங்க. முன்னாடி மூடுபனி."

'ம்ம்'.

"இதோ வந்தாச்சு, ஏத்தம் தெரியுது."

சுரத்தில் ஏற்றமும் இல்லை, தெரிவதற்கு ஒன்றும் இல்லை. அந்தக் காதை ஏமாற்ற அவளால் ஆகாது என்று தெரிந்தும் சொல்லிக்கொண்டே போனாள். பள்ளம் பார்த்து இறக்கினாள், பாலம் தாண்டினாள், இல்லாத பாறையை ஒதுக்கி ஓட்டினாள்.

உள்ளங்கையில் விரல் அசைந்தது. ஏழு. ஒன்று. மூன்றாவது இலக்கம் வளையத் தொடங்கியது, வளைந்து முடியவில்லை.

கொழுந்தன் எழுந்து வந்து அண்ணனின் மூக்கருகே புறங்கையை வைத்தார். வைத்தபடியே வெகுநேரம் நின்றார். வாசலில் சோடாபுட்டி ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"அண்ணி" என்றார் கொழுந்தன். "போதும் அண்ணி. அந்தச் சத்தத்தை நிறுத்துங்க."

அவள் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை. வண்டி போய்க்கொண்டே இருந்தது. அந்த ஒற்றைச் சுரம் மட்டும் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தது.

பிறகு, தூரத்தில், சாலை இடப்பக்கம் திரும்புவதுபோல் தெரிந்தது. கானல் என்று நினைத்தாள். இல்லை, வளைவுதான். கிட்ட நெருங்க நெருங்கச் சுரம் லேசாக அசைந்து, அடுத்ததற்குப் போகத் தயாரானது.

அவர் கேட்க முடியாத அந்த வளைவுக்குப் பத்தடி முன்னால் விரலை எடுத்துவிட்டாள்.

வண்டி நின்றது. அறை அமைதியாகிவிட்டது. அந்த உலகத்தில் வேறு வண்டியே கிடையாது. ஆனாலும் ஓரமாகத்தான் நிறுத்தியிருந்தாள்.