மூன்று மணிக் காற்று

"வாயத் திறக்காதடி! மூக்கால வாங்கு, மூக்கால!"

அம்மா படிக்கட்டின் கீழே நின்று கத்தினாள். மகள் இருபத்திரண்டு படியையும் ஏறி இறங்கி வந்து நின்றாள். அம்மா அவள் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். சத்தம் ஒன்றும் இல்லை.

"இது போதும். இப்பிடியே வந்து நின்னா சம்பந்தம் முடிஞ்ச மாதிரிதான்."

"இப்ப காலையில ஏழு மணிம்மா. அவங்க வர்றது மத்தியானம் மூணு மணிக்கு."

அம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று.

அந்தத் தெருவில் பெண் பார்க்க வருகிறவர்கள் பாட்டுப் பாடச் சொல்வதில்லை. "மாடியில துணி காயுது போலிருக்கே, எடுத்துட்டு வாம்மா" என்பார்கள். பெண் திரும்பி வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். நெஞ்சில் விசில் கேட்டால் பெண் வேண்டாம். மாடு வாங்க வருகிறவனாவது நேராக வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறான். இவர்கள் பெரிய மனிதர்களாயிற்றே, துணியை எடுத்து வரச் சொல்கிறார்கள்.

பெயிண்ட் தொழிற்சாலையின் காற்று நேராக வந்து இறங்கும் தெரு அது. மகள் தையல்காரி. அளவுத்தாள்களைச் சுருட்டி அவள் மாட்டும் ரப்பர் பேண்டுகள் ஜன்னலோரத்தில் சீக்கிரமே வெடித்து அறுந்துபோகும். காரணத்தைச் சுகாதார நிலையத்து நர்ஸ்தான் சொன்னாள்: உலைப்புகையும் பெயிண்ட் ஆவியும் வெயிலில் சேர்ந்து ஓசோனாகிறது, வெயில் ஏற ஏற அதுவும் ஏறும், ரப்பரைத் தின்கிற அதுதான் நெஞ்சையும் தின்கிறது. ஏற்கெனவே இரண்டு வரன்கள் இந்தத் துணிச் சோதனையில் தட்டிப்போய்விட்டன.

இன்று வருகிற மாப்பிள்ளையின் அப்பா லேசுப்பட்டவர் அல்ல. தொழிற்சாலையில் காற்றை அளக்கிறவர். ஊரே அவரைக் காத்துக்காரர் என்றுதான் சொல்லும். இருபது வருஷமாகக் காலை ஆறு மணிக்குக் கருவியைப் போட்டு, 'காற்று நலம்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, கருவியை அணைத்துவிடுவார். தெருக்காரர்கள் மனு கொடுத்தால் அந்தத் தாளின் நகல்தான் பதிலாக வரும்.

"அவரு வீடு மேட்டுத் தெருவுல, நல்ல காத்து வர்ற பக்கம். அங்க போயிட்டா நீயாவது பொழைச்சுக்குவ" என்றாள் அம்மா. மகளுக்கும் அந்த ஆசை இருந்தது. மூச்சுவிடுவதற்காகக் கல்யாணம் செய்துகொள்வதில் அவளுக்கு வெட்கமில்லை.

மூன்று மணிக்குச் சரியாக வந்தார்கள். காத்துக்காரர், அவர் மனைவி, கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை. மனைவி நல்ல மாதிரி, எதையும் மனதில் மறைத்துவைக்கத் தெரியாதவள்.

"ஜன்னலைச் சாத்தக்கூடாதா? எங்க வீட்டுல பன்னெண்டு மணிக்கே இவரு எல்லாத்தையும் சாத்திடுவாரு. சாயங்காலம்தான் திறக்கவே விடுவாரு" என்றாள்.

காத்துக்காரர் அவளை முறைத்தார். பிறகு மாடியைப் பார்த்தார்.

"துணி காயுது போலிருக்கே. எடுத்துட்டு வாம்மா."

மகள் போனாள். பத்தாவது படியிலேயே நெஞ்சு இறுகிவிட்டது. துணியை அள்ளிக்கொண்டு இறங்கியபோது மூக்கு போதவில்லை, வாய் தானாகத் திறந்துகொண்டது. கூடத்தில் வந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். விசில் நன்றாகக் கேட்டது.

காத்துக்காரர் பெருமூச்சு விட்டார். "பிறவிக் கோளாறு போலிருக்கு. நாங்க வரோம்."

"இல்லீங்க, நர்ஸ் சொன்னாங்க, ஏதோ ஓசோனாம்..." அம்மா கெஞ்சினாள்.

"ஓசோன் நல்லதும்மா. வானத்துல இருந்து நம்மளக் காப்பாத்துது. இங்க காத்துல குறையே இல்ல. தினம் நானே அளக்கிறேன்."

மகள் துணியைக் கீழே வைத்தாள். மூச்சு வரும்வரை காத்திருந்து, வந்த மூச்சில் பேசினாள்.

"வானத்துல இருக்க வேண்டியதை எங்க வாசல்ல விட்டா அது யாரைக் காப்பாத்தும் மாமா? சரி, காத்தை எத்தனை மணிக்கு அளக்கிறீங்க?"

"ஆறு மணிக்கு. ஏன்?"

"என்னை மட்டும் ஏன் மூணு மணிக்கு அளக்க வந்தீங்க?"

மாப்பிள்ளை முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தான்.

"எந்த நேரத்துல எங்க நெஞ்சு அடைக்கும்னு தெரிஞ்சுதானே வந்தீங்க? பன்னெண்டு மணிக்கு ஜன்னலைச் சாத்துற கை, ஆறு மணிக்கு நலம்னு எழுதுது. நாளைக்கு மூணு மணிக்குக் கருவியைப் போட்டு அளந்து எழுதுங்க. உங்க காத்து தேறினா, நானும் தேறுறேன்."

"வாய்க்கொழுப்பு!" என்று எழுந்தார் அவர். மனைவியையும் மகனையும் கிளப்பிக்கொண்டு வெளியேறினார்.

அம்மா அழப்போகிறாள் என்று மகள் நினைத்தாள். அம்மா அழவில்லை. ஜன்னலருகே போய் நின்றாள். தெருவில் இறங்கிய காத்துக்காரர் முதல் வேலையாகக் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, வேகமாக நடக்க முயன்று, நாலு வீடு தள்ளி ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

அம்மா ஜன்னலை அகலத் திறந்து, தெருவே கேட்கும்படி கத்தினாள்:

"வாயத் திறக்காதீங்க சம்பந்தி! மூக்கால வாங்குங்க, மூக்கால!"