கதவைக் கழிக்காத பதினான்கு பேர்

பதினான்கு நோட்டிலும் விடை ஐம்பத்து நான்கு.

சற்குணம் கடைசி நோட்டை மூடிவிட்டு முதல் நோட்டை மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். ஐந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள அறை. நான்கு சுவர்களுக்கும் வெள்ளையடிக்க வேண்டும். சுவர்களின் பரப்பு ஐம்பத்து நான்கு சதுர மீட்டர். கதவுக்கு இரண்டு போனால் ஐம்பத்து இரண்டு. ஒருவர்கூடக் கதவைக் கழிக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பேர் மறப்பார்கள், நான்கு பேர் மறப்பார்கள். பதினான்கு பேரும் ஒரே மாதிரி மறந்து இருபத்தாறு வருடத்தில் அவள் பார்த்ததில்லை.

"கதவு எங்க மக்கா போச்சு?"

முதல் பெஞ்சு ஷிபின் எழுந்தான். "கதவுக்கும் பெயின்ட் அடிக்கணும் அல்லே டீச்சரே?"

வகுப்பு சிரித்தது. சற்குணத்துக்குச் சிரிக்கத் தெம்பில்லை. பாறசாலைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, பாதி வழி நின்றுகொண்டே வந்த கால்கள். புடைத்த நரம்புகளை இறுக்கிப் பிடிக்கும் காலுறைக்குள் அவை காலை பத்து மணிக்கே கனத்துக் கிடந்தன.

அந்தக் கால்களுக்காகத்தான் இந்த ஏற்பாடே. ஜூன் மாதம் ஹெட்மாஸ்டர் வெங்கடேஸ்வரன் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உங்க வீட்டுக்குப் பக்கத்து ஸ்கூல்ல கணக்குக்கு ஒரு வேகன்சி வரது. பத்து நிமிஷ நடை. ஆனா உங்களை விட்டா இந்த மலையாள ஊர்ல தமிழ் மீடியத்துக்குக் கணக்குச் சொல்ல ஆள் ஏது? அதுக்கு நான் ஒரு வழி வெச்சிருக்கேன், கேளுங்கோ."

வழி இதுதான். டீச்சர் பாடத்தை நடத்தி சி.டி.யில் பதிவு செய்ய வேண்டும். பிள்ளைகள் அதை வீட்டில் பார்த்துவிட்டு வருவார்கள். வகுப்பில் பாடம் கிடையாது. கணக்கு மட்டும் போடுவார்கள். சந்தேகம் வந்தால் கேட்பார்கள். இது சரியாக நடந்துவிட்டால், அவள் போன பிறகு தற்காலிகமாக யாரை உட்கார வைத்தாலும் வகுப்பு ஓடும்.

"உங்க குரல் இங்க இருக்கட்டும் டீச்சர். கால் ஊருக்குப் போகட்டும்" என்றார் ஹெட்மாஸ்டர்.

மூன்று மாதமாகக் கடைசி மணி அடித்ததும் கம்ப்யூட்டர் அறையில் கேமராவுக்கு முன்னால் நின்றாள். பதினொரு பாடம் முடிந்தது. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு சி.டி. வீட்டில் பார்த்ததற்கு அப்பாவோ அம்மாவோ சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கையெழுத்து தவறாமல் வந்தது. வகுப்பில் கணக்கும் நன்றாகவே வந்தது. வியாழக்கிழமை அதிகாரி வந்து வகுப்பைப் பார்க்கப்போகிறார். அவர் சரி என்றால் மாற்றல் உத்தரவு.

இன்று செவ்வாய். பதினான்கு கதவுகள் காணாமல் போயிருந்தன.

இடைவேளையில் சி.டி.யை ஓட்டிப் பார்த்தாள். போர்டின் கடைசி வரியில் ஐம்பத்து இரண்டு தெளிவாக இருந்தது. "கதவைக் கழிக்க மறந்திராதீங்க" என்று அவள் குரல் இரண்டு தடவை சொன்னது.

வகுப்புக்குத் திரும்பி வந்து ஷிபினை எழுப்பினாள்.

"வீட்ல சி.டி. பாத்தியாடே?"

"பாத்தேன் டீச்சரே. அப்பா ஒப்பு போட்டாரு அல்லே."

"அதுல நான் என்ன கலர் சேலை உடுத்திருந்தேன்?"

ஷிபின் கூரையைப் பார்த்தான். "நீலம்."

"ஆர்ஷா, நீ சொல்லு."

"மஞ்சள்... இல்ல டீச்சரே, ரோஸ்."

"சுமி?"

கடைசி பெஞ்சிலிருந்து சுமி மெதுவாக எழுந்தாள். ஒல்லியான பெண். வாய் திறந்து அதிகம் பேச மாட்டாள். "கலர் தெரியாது டீச்சர். எங்க டி.வி.யில எல்லாரும் பச்சையாத்தான் தெரிவாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியிலேயே சற்குணத்துக்குப் பாதி விளங்கிவிட்டது.

மாலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் சாலைக் கடைத்தெருவுக்குள் திரும்பினாள். சுமியின் அப்பா திரவியம் அங்கே சி.டி. வாடகைக் கடை வைத்திருந்தார். வாசலில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களில் பாட்டு அலறியது. உள்ளே மூலையில் ஒரு பழைய டி.வி. அதற்கு எதிரே கவிழ்த்த பெட்டியின் மேல் சுமி நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். திரையில் பச்சை நிறத்தில் ஒரு சற்குணம் வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லை. படம் திரையைவிடப் பெரிதாக விழுந்திருந்ததால் போர்டின் கீழ்ப்பகுதி கண்ணுக்கே தெரியவில்லை.

"வாங்க டீச்சர், இருங்க!" திரவியம் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "தினம் அரை மணி நேரம் டி.வி.ய இவளுக்கு விட்டுக்கொடுத்திருக்கேன். பாட்ட மட்டும் நிறுத்த முடியாது. நிறுத்துனா கடை பூட்டிக் கிடக்குன்னு ஆளுவ அப்படியே போயிருவாங்க, பாத்துக்கோங்க."

"மத்த பிள்ளைங்க?"

திரவியம் மகளைப் பார்த்தார். சுமி தரையைப் பார்த்தாள்.

"எட்டுப் பேர் வீட்ல பிளேயரே இல்ல டீச்சர். மத்தவங்க வீட்ல இருக்கு, ஆனா சீரியல் ஓடும். அதனால காலையில தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல நான் சொல்லிக் கொடுப்பேன். ஒன்பது மணிலேர்ந்து ஒன்பதே முக்கால் வரை."

"சத்தமே கேக்காம நீ எப்படி மோளே புரிஞ்சுக்கிட்டே?"

"உங்க கை எங்க போகுதுன்னு பாப்பேன். மிச்சத்தைப் புத்தகத்துல தேடுவேன். அடியில உள்ள வரி தெரியாது. அது நானா போட்டுக்குவேன்."

தான் மூன்று மாதம் கால் கடுக்க நின்று பதிவு செய்ததில் ஒரு வார்த்தைகூட யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் ஹெட்மாஸ்டரிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பசங்க கணக்குப் போடறாளா இல்லையா?"

"போடுறாங்க சார்."

"அப்புறம் என்ன? யார் பார்த்தா, யார் சொல்லிக் குடுத்தான்னு நாம ஏன் துருவணும்? நாளைக்கு ஒரு நாள் வாயை மூடிண்டு இருங்கோ டீச்சர். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இரவு கணவன் தாசையன் அவளுடைய பாதங்களுக்குத் தைலம் தேய்த்தபடி கேட்டார். "நாளைக்கு ஆபீசர் சரின்னு சொன்னா, ஒண்ணாந் தேதிலேர்ந்து நீ நடந்தே போலாம் இல்லியா?"

"போலாம்" என்றாள்.

வியாழக்கிழமை அதிகாரி நாச்சியார் சரியாகப் பதினொரு மணிக்கு வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தார். தானே ஒரு கணக்குக் கொடுத்தார். ஆறு மீட்டர் நீளம், நான்கு அகலம், மூன்று உயரம். கதவுக்கு இரண்டு சதுர மீட்டர், ஜன்னல்களுக்கு இரண்டு. ஐந்து நிமிடத்தில் பதினான்கு பேரும் ஐம்பத்து ஆறு என்று கை தூக்கினார்கள்.

"எல்லாரும் வீட்ல சி.டி. பாக்குறீங்களா?"

வகுப்பு ஒரு நொடி டீச்சரைப் பார்த்தது. சுமிதான் முதலில் எழுந்தாள்.

"பாக்குறோம் மேடம். எல்லாரும்."

பொய் சொல்லிவிட்டு அவள் டீச்சரின் கால்களைப் பார்த்தாள். மாற்றல் விஷயம் இவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று சற்குணத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

ஹெட்மாஸ்டர் அறையில் டீ வந்தது. நாச்சியார் முகமெல்லாம் சிரிப்பு.

"பிரமாதம் சார். வர்ற ஜனவரியில எல்லாத் தமிழ் மீடியம் ஸ்கூலுக்கும் இந்த சி.டி.ய அனுப்பிருவோம். போனக்காடு மலை எஸ்டேட் பக்கமெல்லாம் கணக்கு டீச்சர் போகவே மாட்டேங்கிறாங்க. இனி டீச்சரே தேவையில்லன்னு எழுதிரலாம். உங்க மாற்றலும் இன்னிக்கே கையெழுத்தாயிரும் டீச்சர்."

ஹெட்மாஸ்டர் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினார். சற்குணம் டீயை வாய்க்குக் கொண்டுபோய்விட்டுக் குடிக்காமல் கீழே வைத்தாள். பத்து நிமிஷ நடை. ஒரு பஸ்கூட ஏற வேண்டாம்.

"மேடம், அந்த சி.டி.ய பாத்தது ஒரே ஒரு பிள்ளைதான்."

"டீச்சர்..." என்றார் ஹெட்மாஸ்டர்.

"அவதான் மத்த பதிமூணு பேருக்கும் சொல்லிக் கொடுத்தா. சி.டி.ய எங்க வேணாலும் அனுப்புங்க. அங்க டி.வி. இருக்கா, கரன்ட் இருக்கா, இந்தப் பிள்ளை மாதிரி ஒண்ணு இருக்கான்னு பாத்துட்டு அனுப்புங்க. டீச்சர் தேவையில்லன்னு மட்டும் எழுதிராதீங்க."

நாச்சியார் கோபப்படவில்லை. பேனாவை மூடினார். ஃபைலை மெதுவாகக் கட்டினார்.

"அப்போ பதிலுக்கு ஆள் வராம உங்களை விட முடியாதே டீச்சர். அடுத்த ஜூன்ல பாப்போம்."

அவர் கார் போனதும் ஹெட்மாஸ்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஒரு அரை மணி நேரம் பொறுத்திருக்கப்படாதோ? கையெழுத்து விழுந்த அப்புறம் சொல்லியிருக்கலாமே!"

"அதுக்கப்புறம் சொல்லியிருக்க மாட்டேன் சார்" என்றாள் சற்குணம்.

மாலை பஸ்ஸில் நெய்யாற்றின்கரை வரை இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. தாசையனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. தைல பாட்டிலைக் கையில் எடுத்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறதென்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமையும் பஸ் ஒன்பது மணிக்கே வந்து சேர்ந்தது. வழக்கமாக அந்த முக்கால் மணி நேரம் ஸ்டாஃப் ரூமில் ஸ்டூல் மேல் காலைத் தூக்கிப்போட்டுக் கண் மூடுவாள். நாள் முழுக்க அவளுக்குக் கிடைக்கும் ஓய்வு அதுதான். இன்று ஸ்டாஃப் ரூமைத் தாண்டி நடந்தாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பதிமூன்று பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சிமென்டில் சாக்குக்கட்டியால் ஒரு பெட்டி வரைந்திருந்த சுமி, அவளைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சொல்லு மோளே. நான் சும்மா இருக்கேன்."

தொட்டியின் படியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். சிமென்ட் குளிர்ந்திருந்தது. கண்ணை மூடினாள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் என்று சுமியின் குரல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனது. தன் பாடம் என்றுதான் பெயர்; ஆனால் அது இப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. பாதியில் குரல் நின்றது.

"டீச்சர் ஒறங்கியாச்சு" என்று கிசுகிசுத்தான் ஷிபின்.

"ஒறங்கல்லடே" என்றாள் சற்குணம், கண்ணைத் திறக்காமல். "அந்தப் பெட்டிக்கு மூடி கிடையாது சுமி. சி.டி.யில கடைசி வரியில போட்டிருந்தேன். ஒரு பக்கத்தைக் கழிச்சிரு."