கோயில் வாசலில் சிவப்புப் பெயின்ட்

மன்னிப்புக் கேட்பதற்கு மனிதனுக்கு வாய் என்று ஒன்று இருக்கிறது. ஃபோன் இருக்கிறது. அதுவும் வேண்டாமென்றால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவின் கதவு இருக்கிறது, தட்டினால் திறக்கும். இத்தனையையும் விட்டுவிட்டு ரஜீவ் என்கிற அந்தப் பெரிய மனிதன், எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் புதிதாகப் பதித்த வெள்ளைக் கல்லில், சிவப்பு ஸ்பிரே பெயின்டால் முழ நீள எழுத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தான்: "தயானி, என்னை மன்னிச்சிரு. ரஜீவ்."

தயானி நான்தான்.

பரிசம் போட நாள் குறித்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி, அம்மா எனக்குப் பச்சையில் சேலைகூட எடுத்த பிறகு, கொழும்புக்கு ஓடிப்போய் ஃபோனை நிறுத்தி வைத்துக்கொண்டவன் அவன். காரணம் என்னவென்று அவன் கூட்டாளியிடம் கேட்டால், பயமாம். கல்யாணத்துக்குப் பயமாம்! சிறுத்தை நடமாடுகிற மலையில் கொழுந்து எடுக்கிறவள் பெற்ற பிள்ளைக்கு என்னைக் கட்டிக்கொள்ளப் பயம். பல மாதம் கழித்து, ஆளில்லாத நேரம் பார்த்து வந்து மன்னிப்பைத் தரையில் தெளித்துவிட்டு, முதல் பஸ்ஸிலேயே திரும்பிவிட்டான். பஸ் கண்டக்டர்தான் சொன்னார். கையெல்லாம் சிவப்பாம்.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போக வேண்டுமென்றால் கோயில் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்று காலை கொழுந்துக்குப் போன அத்தனை பேரும் என் பெயரை வாசித்தார்கள், வாசித்துவிட்டு அதன் மேலேயே நடந்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் நின்று வாசித்துக் காட்டினார்கள். அந்த ஒரு விஷயத்தில் எங்கள் சனத்துக்கு ஒற்றுமை அதிகம்.

அவன் ஓடிப்போனதையே ஊர் மறந்துகொண்டு வந்தது. பதுளை டவுனில் ஃபோட்டோகாப்பிக் கடையில் வேலை செய்கிற தயானி என்று ஒருவழியாக ஆகியிருந்தேன். இப்போது திரும்பவும் ரஜீவ் விட்டுவிட்டுப் போன தயானி. இன்னும் கொஞ்ச நாளில் திருவிழா. பூனாகலை, நமுனுகுல என்று எல்லாப் பக்கத்துச் சனமும் வந்து இந்த வாசலில்தான் நிற்கும். அதற்கு முன்னால் அவன் பெயருக்குப் பக்கத்திலிருந்து என் பெயர் எழுந்து வர வேண்டும். அம்மனிடம் நான் கேட்டது அது ஒன்றுதான்.

கோயில் கமிட்டித் தலைவர் நல்லையா மாமா அம்மன் காது கொடுப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார். அந்தக் கல் லொறியில் வந்து இறங்கிய நாளிலிருந்து அதைச் சொந்தப் பிள்ளை மாதிரி தடவிக்கொண்டிருப்பவர் அவர்.

"ஒம் பேருதானே இருக்கு? நீதான் கழுவணும்," என்றார்.

"அடிச்சவன் பேரும் இருக்குல்ல மாமா? அவனக் கூப்பிடுங்க."

"அவன் எங்க இருக்கான்னு யாருக்குத் தெரியும்? நீதான் கைக்கு எட்டுற எடத்துல இருக்க."

இதுதான் எங்கள் தோட்டத்து நியாயம். எட்டினவளைப் பிடி. சரி, டவுனில் விசாரித்து என்ன போட வேண்டுமோ வாங்கி வருகிறேன், அதுவரைக்கும் யாரும் கல்லில் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். எங்கள் ஆட்களிடம் கை வைக்காதே என்று சொல்வதும், வா வந்து வை என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதும் ஒன்றுதான். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடை நஸ்மியா ராத்தாவின் பெயின்ட் கடை. ராத்தாவுக்கு என்னைவிட வாய் நீளம். ஃபோனில் நான் எடுத்து வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முதலில் எழுத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகுதான் கல்லைப் பார்த்தார்.

"இப்பிடி ஒரு மாப்பிள்ள தப்பிப் போனதுக்கு நீ நாலு பேருக்குச் சோறு போடோணும் புள்ள. சரி, என்ன கல்லு இது? வெள்ளையா ஈக்கி?"

"சுண்ணாம்புக் கல்லு சாதின்னு லொறிக்காரர் சொன்னாரு ராத்தா."

"அப்ப நல்லாக் கேட்டுக்கோ. அசிட் ஊத்தப்புடாது. எலுமிச்சம்பழம், புளி, வினாகிரி, ஒண்ணும் கிட்டக் கொண்டு போகப்புடாது. புளிப்பு பட்டா இந்தக் கல்லு நொரைக்கும். நொரைச்சா அழுக்கு போகுதுன்னு நெனைக்காதே, கல்லுதான் கரையுது."

"கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கலாமா?"

"தேய்ச்சா ஒன் கையை ஒடிப்பேன்."

ஒரு டின் பெயின்ட் ரிமூவரை எடுத்து வைத்தார். அதைச் சும்மா ஊற்றித் தேய்த்தால் பெயின்ட் கரைந்து கல்லின் ஓட்டைக்குள்ளேயே இறங்கிவிடுமாம். தேயிலைக்குப் போடுகிற டொலமைட் தூளில் அதைக் குழைத்து, களி மாதிரி தடிப்பாக அப்பி, பொலித்தீன் போட்டு மூடி, மறுநாள் வரைக்கும் விட வேண்டும். கரைந்த பெயின்ட்டைத் தூள் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு மரப்பலகையால் வழித்துவிட்டு சவர்க்காரத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போட்டுக் கழுவினால் போதும்.

"மொதல்ல ஒரு மூலையில சின்னதாப் போட்டுப் பாரு. கையுறை இல்லாமத் தொடாதே. மூக்க மூடிக்கோ. நெருப்பு மட்டும் பக்கத்துல வரவே புடாது, குப்புனு பத்தும். விளங்கிச்சா?"

விளங்கியது. மனதில் ஒரு தெம்போடு பஸ்ஸை விட்டு இறங்கினேன். கோயில் மேட்டில் குலவைச் சத்தம் கேட்டது. திருவிழாவே தொடங்காத நேரத்தில் யாரடா குலவை போடுகிறார்கள் என்று ஓடினேன்.

திருவிழாவுக்கு முன்னால் கோயில் விளக்கு, தட்டு, மணி எல்லாவற்றையும் வாசலில் பரப்பிப் புளியும் எலுமிச்சம்பழமும் போட்டுத் துலக்குவது எங்கள் வழக்கம். அன்றைக்கென்று பார்த்து அந்த வேலை நடந்திருக்கிறது. கறுத்துக் கிடந்த குத்துவிளக்கு வெயிலில் மின்னியதைப் பார்த்ததும் நல்லையா மாமாவின் மூளை வேலை செய்துவிட்டது. பித்தளைக்கு ஆகிறது கல்லுக்கு ஆகாதா? வரிசைக்கு முதலில் இருந்தது என் பெயர். கம்பி பிரஷை எடுத்து எழுத்தின் மேலேயே, கோடு பிசகாமல், மாறி மாறிச் சுரண்டி இருக்கிறார்கள். பெயின்ட் உதிர்ந்ததும் அந்தக் கோட்டிலேயே கெட்டிப் புளித்தண்ணீர். அதற்கு மேல் ஒரு கூடை எலுமிச்சம்பழம். ஊறினால் இன்னும் நல்லது என்று மத்தியானத்திலிருந்து ஊறவும் வைத்திருக்கிறார்கள்.

"நொரைக்குது பாரு தயானி! அழுக்கு பூராப் போகுது!" நல்லையா மாமாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பூசாரி சின்னராசா கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அம்மன் கல்லில் இறங்கிவிட்டாள் என்று யாரோ ஒருத்தி குலவை வேறு போட்டிருக்கிறாள்.

"ஐயோ, அது அழுக்கு இல்ல! கல்லு வேகுது! தண்ணி கொண்டாங்க! தண்ணி!"

வாளி வாளியாக ஊற்றினோம். புளியும் நுரையும் ஓடிப்போயின. என் பெயரில் சிவப்பு போயிருந்தது, அது உண்மை. ஆனால் மழுமழுவென்று பால் நிறத்தில் இருந்த கல்லில், 'தயானி' என்று சொரசொரப்பாக, சுண்ணாம்பு வெள்ளையில், விரல் வைத்தால் உணரக்கூடிய பள்ளமாக விழுந்திருந்தது. பெயின்ட் என்றால் என்றைக்காவது மங்கும். இது என் பேரன் பேத்தி காலத்துக்கும் இருக்கும். பக்கத்தில் மற்றதெல்லாம் இரத்தச் சிவப்பில் அப்படியே பல்லைக் காட்டியது.

நான் அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். ஊருக்கு முன்னால் அழக்கூடாது என்று எத்தனை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அன்று முடியவில்லை. அம்மா மலையிலிருந்து கூடையோடு ஓடிவந்து, என்ன நடந்தது என்று விசாரிக்காமலே நல்லையா மாமாவைத் திட்டத் தொடங்கினாள். அம்மா திட்டினால் நிறுத்தி நிதானமாகத்தான் திட்டுவாள். அது முடிவதற்குள் எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. இனி ஒருத்தர் தொட்டீங்க, இந்த டின்ன எடுத்து மூஞ்சில ஊத்திருவேன்," என்றேன். தள்ளி நின்றார்கள்.

கல்லின் ஓர் ஓரத்தில் சொட்டிக் கிடந்த சிவப்பில் முதலில் போட்டுப் பார்த்தேன். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் லீவு போட்டேன். கையுறை மாட்டி, மூக்கைக் கட்டி, டொலமைட்டைக் குழைத்து 'என்னை மன்னிச்சிரு. ரஜீவ்' முழுவதையும் மூடி அப்பிக்கொண்டிருந்தபோது, சின்னராசா வழக்கம்போலக் கற்பூரத் தட்டோடு வாசலுக்கு வந்தார்.

"அண்ணே! நெருப்ப உள்ள கொண்டு போங்க!"

"தீபாராதன புள்ள. வாசலுக்குக் காட்டணும்."

"காட்டுனா நீங்களும் நானும் நேரா அம்மன்கிட்டத்தான் போவோம். பொறவு அங்க வச்சே காட்டுங்க."

அவர் தட்டைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், திரும்பி உள்ளே ஓடினார். அன்றும் மறுநாளும் எங்கள் மாரியம்மனுக்கு உள்ளேதான் வெளிச்சம். கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பொலித்தீனை எடுத்து வழித்தபோது களி சிவந்து போயிருந்தது. ரஜீவ் ஒரு பலகை நிறைய வந்தான். மன்னிப்பு இரண்டு பலகை. தேயிலைக்குத் தண்ணீர் போகிற கானில் கலந்துவிடாமல் எல்லாவற்றையும் ஒரு பழைய டின்னில் போட்டு இறுக்கி மூடினேன். கழுவிவிட்டுப் பார்த்தால் கல் பதித்த அன்று எப்படி இருந்ததோ அப்படி. அந்த இடத்தில் ஒருவன் எழுதினான் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அவனுக்காக நான் பட்ட பாடெல்லாம் இவ்வளவுதானா என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

நல்லையா மாமா கல் பெயர்க்கிற அலவாங்கோடு வந்து நின்றார்.

"இந்த ஒரு கல்லப் பேத்துக் குப்புறப் போட்டுருவோம் தயானி. ஒம் பேரும் மறைஞ்சிரும்."

நான் தலையாட்டத்தான் போனேன். அதைத்தானே கேட்டேன்? குனிந்து ஒருமுறை பார்த்தேன். என் பெயர் தனியாக இருந்தது. முன்னால் யாரும் இல்லை, பின்னால் யாரும் இல்லை. வாக்காளர் அட்டையிலும் சம்பளச் சீட்டிலும் தவிர வேறெங்கும் என் பெயர் அப்படித் தனியாக இருந்து நான் பார்த்ததில்லை. திடீரென்று அது எனக்குப் பிடித்துப் போய்விட்டது. பிடித்தது என்றால் சாதாரணமாக இல்லை.

"வேணாம் மாமா. இருக்கட்டும்."

"சாமி வாசல்ல ஒரு பொம்பளப் புள்ள பேரு இருக்கலாமா?"

"உள்ள இருக்குறது யாரு மாமா? ஆம்பளையா?"

அவர் அலவாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

திருவிழா அன்று தேர் கிளம்புகிற நேரம், நல்ல சட்டை போட்டுக்கொண்டு ரஜீவ் வந்தான். தாடி வைத்திருந்தான். வாசலில் நின்று கீழே தேடினான். பிறகு என்னிடம் வந்தான்.

"எழுதுனத அழிச்சிட்டியா தயா?"

"ம். ஈசியா வந்திருச்சு."

"ஒம் பேரு மட்டும் இருக்கே."

"அது வராது."

ஏதோ சொல்ல வந்தான். பயந்து ஓடியவனிடம் கேட்க எத்தனையோ கேள்வி சேர்த்து வைத்திருந்தேன், அந்த முகத்தைப் பார்த்ததும் ஒன்றைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. அப்போதுதான் பூனாகலையிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, யாரென்று எங்களுக்குத் தெரியாது, அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று கல்லை எழுத்துக் கூட்டி வாசித்தார். கோயில் கல்லில் பெயர் வெட்டியிருந்தால் அது அந்தக் கல்லைப் போட்டுக் கொடுத்தவர் பெயர். எந்தத் தோட்டத்திலும் அதுதானே வழக்கம்?

"யாருங்க இந்தத் தயானி? வாசல் பூரா இவங்கதான் போட்டாங்களா?"

நல்லையா மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அம்மா முந்திக்கொண்டாள்.

"எம் மகதாங்க."

"அடேயப்பா. ஒத்த ஆளாவா?"

அம்மா ரஜீவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒத்த ஆளாத்தான்," என்றாள்.

மாரியம்மன் வாசலில் நின்றுகொண்டு வாய் கூசாமல் சொன்ன பச்சைப் பொய். நல்லையா மாமா என்னைப் பார்த்தார், நானாவது உண்மையைச் சொல்வேன் என்று. ரஜீவும் பார்த்தான். பெரியம்மா வந்து என் தலையில் கைவைத்து, நல்லா இரு தாயி என்றார்.

"வாங்க, உள்ள போய் சாமி கும்பிடுவோம்," என்று அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.