கரண்ட் போன நேரத்து ஒயின்

தேவராஜ் போட்ட முதல் ஜாடி அன்னாசி ஒயின் பிரமாதமாக அமைந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. ரூபாவின் அப்பா, பர்மிய வழக்கில் மரியாதையாக ‘ஊ’ நல்லப்பன், ஒரு டம்ளர் குடித்தார், இன்னொன்று குடித்தார், மூன்றாவது டம்ளரின் விளிம்புக்கு மேலாகப் பெண் கேட்டு வந்தவனைப் பார்த்தார்.

“ஒரு தடவை நல்லா வர்றது அதிர்ஷ்டம், தம்பி. அதே ருசியில இன்னொரு தடவை கொண்டா. அப்புறம் கல்யாணம் பேசலாம்.”

நல்லப்பன் போட்டாதாங் படகுத்துறையில் சரக்கு சரிபார்ப்பவர். உலகத்தில் ஒரே மாதிரி இரண்டு மூட்டை கிடையாது என்பது அவர் கட்சி.

தேவராஜ் கவலைப்படவில்லை. கவலை என்பது குறிப்பு எழுதாதவர்களின் பழக்கம். அவனிடம் நோட்டு இருந்தது. மாவ்பி ஊர் அன்னாசி எத்தனை, சர்க்கரை எவ்வளவு, ஈஸ்ட் எந்தக் கடை, என்றைக்கு வடிகட்டினான், நுரையின் நிறம், அன்றைக்குத் தன் மனநிலை. வெயிலில் ஈஸ்ட் வெந்துவிடும் என்று ஜாடியை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்ததையும், பக்கத்தில் தங்கச்சி மஞ்சுளாவின் மீன்குழம்பு இருந்ததையும் எழுதியிருந்தான்.

நோட்டில் உள்ளபடியே இரண்டாவது ஜாடியைப் போட்டான். மனநிலையைக்கூட ஒத்துப்போக வைத்தான்.

நுரை வரவில்லை. கையெழுத்துக்குப் போன மனு மாதிரி ஜாடி அசையாமல் கிடந்தது.

“மீன்குழம்பு குறையுது,” என்றான். “போன தடவை இருந்துச்சு. வை.”

“உன் கல்யாணத்துக்கு நான் மீன் வாங்கணுமா?” என்றாள் மஞ்சுளா. ஆனாலும் வைத்தாள். பல நாள் கழித்து அதைச் சூடாக்க எடுத்து முகர்ந்தாள். “இப்பல்லாம் குழம்பு கெட்டே போறதில்ல அண்ணே. எதிர்வீட்டுப் பெரியவர் புண்ணியம்.”

போன மாதம் எதிர்வீட்டுக்கு அரசாங்கத்தில் யாரோ ஒரு பெரியவர் குடிவந்தார். அன்றுமுதல் அந்தத் தெருவில் கரண்ட் போவதில்லை. அவர் யாரென்று ஒருவரும் விசாரிக்கவில்லை; விசாரித்தால் கரண்ட் போய்விடும் என்று பயம்.

தேவராஜ் நோட்டைப் புரட்டினான். எல்லாம் இருந்தது. கரண்ட் போனதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. மூச்சு விட்டதை எவனாவது எழுதி வைப்பானா? முதல் ஜாடியின்போது பாதி நேரம் ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரியாக நின்றது. அந்த மிதமான சூட்டில்தான் ஈஸ்ட் வேலை பார்த்திருக்கிறது. இப்போது ஓயாத குளிரில் தூங்குகிறது.

மாடிப்படிச் சுவரில் பழைய மின்வெட்டு அட்டவணை இன்னும் ஒட்டியிருந்தது. அதைக் கிழித்து வந்து நோட்டில் ஒட்டினான். அதன்படி பிளக்கைப் பிடுங்கினான், அதன்படி செருகினான். அட்டவணைப்படி கரண்ட் என்றைக்குத்தான் ஒழுங்காகப் போயிருக்கிறது என்று யோசித்து, சில நாள் வேண்டுமென்றே நேரம் தப்பிப் பிடுங்கினான். திரும்பச் செருகும்போதெல்லாம் மஞ்சுளா அடுக்களையிலிருந்து “மீ லாபி”, கரண்ட் வந்தாச்சு, என்று பர்மியத்தில் கூவினாள், கரண்ட் வந்ததும் தெருப்பிள்ளைகள் கூவுகிற அதே ராகத்தில்.

ஜாடி நுரைத்தது.

நல்லப்பன் குடித்தார். கண்ணை மூடி இன்னொரு வாய் குடித்தார். “அதே ருசி,” என்றார் வருத்தமாக. நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டி, அட்டவணை ஒட்டிய பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

“ஊரே கரண்ட் இல்லாம கெடக்கு. நீ வர்ற கரண்ட்ட பிடுங்கிருக்க.”

“ஆமா மாமா.” மாமா என்று கூப்பிட இன்னும் யாரும் அனுமதி தரவில்லை.

நல்லப்பன் மகளைப் பார்த்தார். ரூபா ஜாடியைச் சாய்த்துத் தனக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவ வரச் சொல்லு,” என்றார். “என் பொண்ணுக்குத் தனியா ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிடு.”