நோக்கோல் இலையும் மூன்று முயல்களும்

ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரத்துச் சனிச் சந்தையில் போன கோடை முழுக்க நான் ஒரு முயலாக இருந்தேன். பஸ் ஓட்டுகிற, ஐம்பது கடந்த, மீசை வைத்த மனிதன் எப்படி முயலாவான் என்று கேட்பீர்கள். எனக்கு வாய்த்த மனைவி கமலநாயகி. அவள் நினைத்தால் எதுவும் நடக்கும்.

கமலநாயகி சந்தைக்குப் போகிற நேரமே தனி. காலையில் போகிறவர்களை அவள் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. கடைக்காரர்கள் பெட்டிகளைத் தங்கள் வான் வண்டிகளில் ஏற்றத் தொடங்கும்போதுதான் பையோடு உள்ளே நுழைவாள். வளைந்த கரட், ஒரு பக்கம் நசிந்த தக்காளி, திரும்பக் கொண்டுபோக மனமில்லாத கீரைக்கட்டு எல்லாம் அந்த நேரத்தில் பாதி விலைக்கு வரும். காலையில் பிடுங்கிய மரக்கறி மத்தியானத்துக்குள் பழுதாகிவிடாது என்பது அவளுடைய கட்சி. பைகளைச் சுமப்பது என்னுடைய வேலை.

வசந்தத்தில் எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு என்று டொக்டர் சொன்னார். சோற்றைக் குறைத்து, பச்சை இலைகளை நிறையச் சாப்பிடச் சொன்னார். கமலநாயகி அன்றைக்கே தமிழ்க்கடைக்குப் போனாள். விமானத்தில் வந்து களைத்துப்போன வல்லாரை அங்கே தங்கத்தின் விலையில் கிடந்தது. கடைக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஊர்சுலாவின் கடையில் நின்றோம். ஊர்சுலா அறுபது வயதுத் தோட்டக்காரி. தான் விளைத்த மரக்கறியைத் தானே கொண்டுவந்து விற்பவள். எங்களுக்கு முன்னால் நின்ற கிழவர், பச்சைப் பந்துபோல உருண்டு திரண்ட நோக்கோல் வாங்கினார். இலையை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள் ஊர்சுலா. அவர் தலையாட்டியதும் ஒரே முறுக்கில் இலைகளைப் பிடுங்கி, மேசைக்குக் கீழே இருந்த பெட்டிக்குள் எறிந்தாள். நோக்கோல் இலை, பீற்றூட் இலை, முள்ளங்கி இலை என்று அந்தப் பெட்டி நிரம்பி வழிந்தது. கமலநாயகியின் கண் அதிலேயே நின்றது.

"அந்த இலைகளை நான் எடுக்கலாமா?" என்று தனக்குத் தெரிந்த டொச்சில், ஜெர்மன் மொழியில் கேட்டாள்.

"தாராளமாக. முயலுக்கா?"

கமலநாயகி கொஞ்சம் தயங்கினாள். பிறகு ஆமென்று தலையாட்டினாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஊர்சுலாவுக்கு முயல் என்றால் உயிர். எத்தனை முயல் என்று கேட்டாள். மூன்று என்றாள் கமலநாயகி. பெயர்களைக் கேட்டாள். அவசரத்தில் வாயில் வருவது வீட்டிலுள்ள பெயர்கள்தானே?

"ஞானம், யது, சாரங்கா."

யது, ஆஹென் நகரத்தில் படிக்கிற எங்கள் மகன் யதுசன். சாரங்கா, தாதிப் பயிற்சிக்குப் போகிற எங்கள் மகள். இரண்டு பைகளோடு பின்னால் நின்ற ஞானசுந்தரமாகிய நான் வராத இருமலை வரவழைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கமலநாயகி இலைகளை மூன்று தண்ணீரில் அலசி, தடித்த நரம்பை நீக்கி, நூலாக அரிந்தாள். கடுகு வெடித்ததும் வெங்காயமும் பச்சை மிளகாயும் வதங்க, இலையையும் மஞ்சளையும் போட்டுக் கிளறி, கடைசியில் தேங்காய்ப்பூ தூவி இறக்கித் தேசிக்காய் பிழிந்தாள். கீரை என்றால் முகம் சுளிக்கிறவன் என்று எனக்கு வீட்டில் பெயர் உண்டு. அன்று அந்த வறையை இரண்டு தரம் கேட்டு வாங்கினேன்.

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊர்சுலா எங்களை விசாரிக்கத் தொடங்கினாள்.

"ஞானம் எப்படி இருக்கிறான்?"

"முந்தி நல்ல கொழுப்பு. இப்போது இளைத்துவிட்டான்."

"ஓடி விளையாடுகிறானா?"

"எங்கே? சாப்பிட்டதும் படுத்துவிடுவான்."

"யது?"

"அவன் வீட்டில் நிற்பதே இல்லை."

வேலியை உயர்த்தும்படி ஊர்சுலா அக்கறையோடு சொன்னாள். கமலநாயகியும் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் கேட்டுக்கொண்டாள். நானோ மூக்கைச் சிந்துகிற சாட்டில் அடுத்த கடைப்பக்கம் போய்ச் சிரித்தேன்.

கோடை நடுவில் என் சீனி இறங்கியது. டொக்டர் எனக்குக் கைகொடுத்தார். அந்த உற்சாகத்தில் வீட்டுக்கு வந்து கதையைத் தொடங்கினேன்.

"கமலம், அந்த மனுசிக்கு உண்மையைச் சொல்லிவிடுமன். என்ன வரப்போகுது?"

"உங்களுக்கு விளங்காது. நாங்கள் இஞ்சை வந்த புதிசிலை அகதி முகாமிலை இருக்கேக்கை ஒருத்தி என்ரை சாப்பாட்டுப் பையைத் திறந்து பாத்தாளே, ஞாபகம் இருக்கோ? மூக்கைச் சுளிச்சுக்கொண்டு பாத்த பார்வை? முயலுக்குப் போடுறதைத் தின்னுற சனம் எண்டு இவளும் அப்பிடிப் பாத்தால் என்னாலை தாங்க ஏலாது. இவள் எனக்குச் சிநேகிதி மாதிரி."

அந்தப் பார்வை எனக்கும் ஞாபகம் இருந்தது. வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் வந்த பிறகும் அது வலிக்கத்தான் செய்கிறது.

ஓகஸ்ட் கடைசியில் ஊர்சுலா கமலநாயகியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். முழங்கால் நோவுக்காக மூன்று வாரம் சுகவாச நிலையத்துக்குப் போகிறாளாம். கடையைத் தம்பி பார்த்துக்கொள்வானாம். ஆனால் அவளுடைய முயல் ஹான்சியை யாரிடம் விடுவது? தம்பிக்கு முயலை வளர்க்கத் தெரியாது, தின்னத்தான் தெரியும்.

"உங்களைப்போல முயலைப் பார்க்கிறவர்கள் வேறு யார்? அடுத்த சனி கொண்டுவருகிறேன். ஞானத்தோடு விளையாடட்டும்."

கமலநாயகி அதற்கும் தலையாட்டிவிட்டாள்.

அந்தக் கிழமை எங்கள் வீட்டில் நித்திரை இல்லை. சாரங்கா இணையத்தில் முயல் விலை பார்த்தாள். மூன்று முயலை வாங்கிவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்றேன் நான். "ஒரு பொய்க்குத் தீனி போட்டே களைச்சுப்போனன்" என்றாள் கமலநாயகி. சனிக்கிழமை விடிந்ததும் எழும்பி, வைத்திருந்த நோக்கோல் இலை முழுவதையும் வறுத்தாள். சிவப்பரிசிச் சோறும் பருப்பும் வைத்து, எல்லாவற்றையும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியில் போட்டாள்.

"இஞ்சாருங்கோ, நீங்களும் வாறியள். நல்ல சேட்டும் காற்சட்டையும் போடுங்கோ."

கடையில் ஊர்சுலா முயல்கூட்டைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். கமலநாயகி என் முதுகில் கைவைத்து என்னை முன்னால் தள்ளினாள்.

"இதுதான் ஞானம்" என்றாள் டொச்சில்.

ஊர்சுலா என்னைப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் கால்களையும் பார்த்தாள். நான் என்ன செய்வது? வணக்கம் சொன்னேன்.

"யது எங்கள் மகன். சாரங்கா மகள். முயல் இல்லை. இலையை நாங்கள்தான் சாப்பிட்டோம்." கமலநாயகி பையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தாள். "எனக்கு வெட்கமாக இருந்தது. உங்கள் குப்பைப் பெட்டியிலிருந்து சாப்பிடுகிற ஏழைகள் என்று நினைப்பீர்களோ என்று பயந்தேன்." சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்து நீட்டினாள். கண் கலங்கியிருந்தது.

ஊர்சுலா கரண்டியை வாங்கி வறையில் ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். இன்னொரு வாய் எடுத்தாள். சோற்றோடும் பருப்போடும் பெட்டியை அரைவாசி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது. அது மிளகாயா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

"இது என்னுடைய நோக்கோலா?"

"ஓம். இலை."

"நாற்பது வருடம்!" என்று ஊர்சுலா கத்தினாள். "நாற்பது வருடமாக இதை நான் குப்பையில் போட்டேன். நீ ஒரு கோடை முழுக்கப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நின்றாயா?" பிறகு என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டதும் படுத்துவிடுகிறவன் நீதானா?" என்று கேட்டாள். நான் ஒப்புக்கொண்டேன். அவள் உருளைக்கிழங்குப் பெட்டியில் விழுந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கமலநாயகி முதலில் அழுதாள், பிறகு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள்.

போவதற்கு முன் ஊர்சுலா செய்முறையைக் கேட்டு ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டாள். ஹான்சி எங்களோடுதான் வந்தான். மூன்று வாரமும் அவனுக்கு வைக்கோலும் கரட்டும் தாராளமாகக் கிடைத்தன. நோக்கோல் இலையை மட்டும் கமலநாயகி அவன் கண்ணில் காட்டவில்லை.

ஊர்சுலா திரும்பிவந்த சனிக்கிழமை வழக்கம்போலச் சந்தை கலைகிற நேரத்தில் போனோம். மேசையில் ஒரு கரும்பலகை நின்றது. கமலாவின் இலைக்கறி என்று சோக்கட்டியால் எழுதி, செய்முறையும் கீழே ஒரு கட்டின் விலையும் போட்டிருந்தது. முன்னால் இருந்த கூடையில் ஒரு இலை கூட இல்லை.

"காலையிலேயே முடிந்துவிட்டது. நீயும் நேரத்தோடு வர வேண்டும்" என்றாள் ஊர்சுலா.

வெள்ளைத்தலை அம்மா ஒருத்தி வெறும் கூடையை ஏமாற்றத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள். "கமலா இவள்தான்" என்று ஊர்சுலா கைகாட்டியதும் அந்த அம்மா கமலநாயகியின் கையைப் பிடித்தாள். தேங்காய்ப்பூவை முதலில் போடுவதா, கடைசியில் போடுவதா? மிளகாய் கட்டாயமா? கமலநாயகி பதில் சொல்லத் தொடங்கினாள். டொச்சில் அவள் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை. இன்னும் இரண்டு பேர் வந்து சுற்றி நின்று கேட்டார்கள். பக்கத்துக் கடைகளின் வான்கள் எல்லாம் போய்விட்டன. நான் வெறும் பைகளோடு காத்து நின்றேன்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் கீரை இல்லை. பருப்பும் முட்டைப் பொரியலும்தான். கமலநாயகி அதைச் சாப்பிடும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தாள்.