தள்ளிப்போன கவாத்து

கல்யாண வயசில் பெண் இருக்கிற வீட்டில் முகூர்த்த மாசம் பிறந்தால் சந்தோஷப்படுவார்கள். மேனாம்பேட்டில் கஸ்தூரிக்கு மட்டும் பயம் பிடித்துக்கொள்ளும். காரணம், அவர்கள் வீட்டுக்குச் சோறு போட்டது மல்லித் தோட்டம். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி என்று ஊரில் கல்யாணம் குவிகிற மாசங்களில்தான் மல்லியும் கொட்டும். அப்போது தோட்டத்தை விட்டு அந்த வீட்டில் யாரும் அசைய முடியாது. ஆவணி வந்தால் கனகாம்பரம், ஐப்பசி தாண்டினால் சாமந்தி. அசைய முடிகிற மாசம் என்று பார்த்தால் ஆடி, புரட்டாசி, மார்கழி. அந்த மூன்றிலும் எவனும் தாலி கட்ட மாட்டான். ஆக, கஸ்தூரிக்குக் கல்யாணம் ஆக வேண்டுமானால் பஞ்சாங்கம் எழுதுகிறவர்களைப் பார்த்து முறையிட்டால்தான் உண்டு.

யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு இப்படிச் செய்துவிடவில்லை. அண்ணன் கஜபதி கெட்டவனும் இல்லை. அப்பா செத்தபோது அவளுக்குப் பதினேழு வயசு. அன்றிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டவன் அவன்தான். தீபாவளிக்குத் தனக்கு ஒரு சட்டை எடுத்தால் தங்கைக்கு இரண்டு புடவை எடுப்பான். வரன் வந்தால் தெருமுனை வரை ஓடிப்போய் அழைத்து வருவான். எல்லாம் பேசி முடித்து நாள் குறிக்கிற இடத்துக்கு வந்ததும், "இந்த சீசன் முடியட்டும்" என்பான். பாடியில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவன் இரண்டு சீசன் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திருவள்ளூரில் பெண்ணெடுத்துக்கொண்டான். பூந்தமல்லிக்காரன் ஒரு சீசன்கூடப் பொறுக்கவில்லை. கஸ்தூரிக்கு முப்பத்தொன்று ஆகிவிட்டது.

அவள் இல்லாமல் தோட்டம் நடக்காது என்பதும் பொய்யில்லை. விடிவதற்கு முன்னால், நாலு மணிக்கே தோட்டத்தில் இறங்கி, மொட்டாகப் பறிக்க வேண்டும். எந்த மொட்டு இன்றைக்கு மலரும், எது நாளைக்கு என்று அவள் விரல் பட்டாலே சொல்லும். அங்கம்மாவும் மற்ற ஐந்து பெண்களும் பறிக்க வருவார்கள். அவள் முன்னால் போனால்தான் அவர்கள் கை ஓடும். கஜபதிக்குத் தெரிந்ததெல்லாம் கூடையை பஸ்ஸில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ப் பூக்கடையில் தள்ளுவது. செடியைப் பற்றி யாராவது கேட்டால், "அதெல்லாம் கஸ்தூரியாண்ட கேளு" என்று நகர்ந்துவிடுவான். அவன் பெண்டாட்டி நாகம்மாவுக்கு மூன்று பிள்ளைகளைக் கட்டி மேய்க்கவே பொழுது சரியாக இருந்தது.

எண்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் குணசேகரன் வந்தான். ஆவடி குவார்ட்டர்ஸில் பூ விற்கிற புஷ்பா சொல்லி வந்த வரன். ஃபாக்டரியில் ஃபிட்டர், வேலூர்ப் பக்கத்துக்காரன். மூன்று தங்கைகளுக்கு முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது அவனுக்கு முப்பத்தாறு. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவன். "பங்குனி இருபது நல்ல நாள்னு அம்மா சொல்றாங்க. லீவு போட்டுடறேன்" என்றான். கஜபதி வாயைத் திறப்பதற்குள் நாகம்மா முந்திக்கொண்டு தாம்பூலத் தட்டை நீட்டிவிட்டாள். அன்றைக்கு அண்ணியின் காலில் விழலாம் போலிருந்தது கஸ்தூரிக்கு.

ஆனால் பங்குனி வந்தால் பூவும் வரும். பூ வந்தால் அண்ணன் அந்த வார்த்தையைச் சொல்லுவான். அதைத் தடுக்க என்ன வழி என்று ராப்பகலாக யோசித்தாள். வழி அவள் கையில்தான் இருந்தது. மல்லிச் செடியை மார்கழியில் கவாத்து பண்ணுவார்கள். முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மிச்ச இலையை உருவி, எரு வைத்துத் தண்ணீர் விட்டால் மூன்று மாசத்தில் பங்குனிக்குப் பூக்கும். வெட்டுகிற நாளைத் தள்ளினால் பூக்கிற நாளும் தள்ளிப்போகும். மார்கழி முழுக்க அவள் கத்தரியைத் தொடவே இல்லை.

"இன்னாமே, எல்லாத் தோட்டத்திலயும் கவாத்து ஆயிடுச்சு. நம்பளுது மட்டும் அப்டியே கீது?" என்று கஜபதி கேட்டான்.

"வேர்ல புழு கீதுண்ணா. மருந்து போட்டுகினு கீறேன். இப்போ வெட்டினா செடி பூடும்."

அவன் சந்தேகமே படவில்லை. செடி விஷயத்தில் தங்கை சொன்னால் அவனுக்கு வேதவாக்கு. அதுதான் அவள் நெஞ்சை அறுத்தது. தை போய் மாசி பிறந்த முதல் வாரத்தில், இதற்குமேல் தள்ளினால் செடிக்கே ஆபத்து என்கிற கட்டத்தில் வெட்டினாள்.

பங்குனி பிறந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கூடை கூடையாகப் பறித்தார்கள். கஜபதியின் தோட்டத்தில் பச்சைப் பசேலென்று இலை மட்டும் நின்றது. கஜபதி தலையில் அடித்துக்கொண்டான், வாய்க்கு வந்தபடி திட்டினான், இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருந்தான். கஸ்தூரி எல்லாவற்றையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அரக்குப் பட்டுப் புடவை எடுத்தாகிவிட்டது, ரவிக்கை தைக்கக் கொடுத்தாகிவிட்டது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஆவடிக்குப் போய்விட்டு வந்த கஜபதி சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"மாப்ளைக்கு லீவு கெடைக்கலியாம். ஃபாக்டரில இன்னாவோ அவசர வேலயாம். வைகாசி பதினெட்டுன்னு மாத்திட்டாங்க."

கஸ்தூரிக்கு விரலை மடக்கிக் கணக்குப் பார்க்கத் தேவைப்படவில்லை. மாசியில் வெட்டியது வைகாசியில்தான் பூக்கும். எழுந்து தோட்டத்துக்குப் போனாள். ஒரு வரிசை முழுக்கக் கொழுந்துகளைக் கிள்ளி எறிந்தாள். கிள்ளின இடத்தில் இரண்டாகத் துளிர்க்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? கையை உதறிவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.

வைகாசி பிறந்ததும் தோட்டம் வெடித்துக்கொண்டு பூத்தது. மற்ற தோட்டங்களில் முதல் சுற்று ஓய்ந்து செடிகள் களைத்து நின்ற நேரம். பூக்கடை வியாபாரிகள் மேனாம்பேட்டுக்கே தேடி வந்து கஜபதியின் வாசலில் நின்றார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"வேணும்னே லேட்டா வெட்னியா கஸ்தூரி? எனுக்குத் தோணவே இல்ல பாரேன்! இனிமே பாதிய மார்கழில வெட்டு, பாதிய மாசில வெட்டு. பங்குனிலேர்ந்து ஆடி வரைக்கும் நம்ப தோட்டம் ஓயாது!"

தப்பிக்க என்று ஒரு ஓட்டை போட்டாள். அண்ணன் அதையே வாசலாக்கி வருஷா வருஷம் பூ வரவழைக்கப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்குள் அவன் அடுத்ததைச் சொன்னான்.

"பதினெட்டாந்தேதி அம்பத்தூர்ல ஒரு பெரிய எடத்துக் கல்யாணம். சாயங்கால ரிசப்ஷனுக்கு மேடை பூரா மல்லிச் சரம், மாலை, பொக்கே எல்லாம் நம்பளுதுதான். ஒத்துகினேன். ஒன் கல்யாணத்த ஆனில வெச்சிக்கலாம். மாப்ளையாண்ட நான் பேசிக்கிறேன். இந்த சீசன் முடியட்டும்."

பேசிவிட்டும் வந்தான். மறுநாளே ஷிப்ட் முடிந்து காக்கிச் சட்டையோடு குணசேகரன் சைக்கிளில் வந்து தோட்டத்து வேலியோரம் நின்றான். கஜபதி பட்டணம் போயிருந்தான்.

"இன்னும் எத்தனை தடவை மாத்துவீங்க?" என்று கஸ்தூரியைக் கேட்டான். கோபத்தைவிடக் களைப்புதான் குரலில் இருந்தது.

"முதல் தடவ மாத்துனது நீங்கதானே? பங்குனில லீவு கெடச்சிருந்தா இந்தப் பேச்சே இல்ல."

குணசேகரன் அவளை விநோதமாகப் பார்த்தான். "என்ன லீவு? லீவு போட்டாச்சு, ஊர்லேர்ந்து அம்மாவும் வந்தாச்சு. உங்களுக்கு மஞ்சக்காமாலைன்னு உங்க அண்ணன்தான் வந்து கண்ணுல தண்ணி விட்டாரு."

கஸ்தூரி வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். அவன் சைக்கிளைத் திருப்பினான்.

"பதினெட்டு காலைல ஆறுலேர்ந்து ஏழரை முகூர்த்தம். மாங்காடு அம்மன் கோயில்ல நானும் அம்மாவும் நிப்போம். வந்தீங்கன்னா தாலி கட்டறேன். வரலைன்னா அம்மா ஊர்ல வேற இடம் பாத்து வெச்சிருக்காங்க. அதுக்கப்புறம் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

சாயங்காலம் கஜபதி வந்ததும் அவள் கேட்டுவிட்டாள். "எனக்கு எப்போண்ணா மஞ்சக்காமாலை வந்துச்சு?"

அவன் தலைகுனிவான் என்று நினைத்தாள். அவன் கத்தினான். "நீதானேமே மாசில வெட்னே? பூவே வராத தோட்டத்த என் தலைல கட்டிட்டு நீ பூட்டீனா யாரு எரு வெக்கிறது, யாரு தண்ணி காட்றது? எனுக்கு இன்னா தெரியும் செடியப் பத்தி? சீசனே பூடுச்சுன்னு அப்போ பயந்துகினு இருந்தேன். ஒன்ன அனுப்பிட்டு புள்ளைங்கள வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

கத்திக்கொண்டிருந்தவன் பாதியில் அழ ஆரம்பித்துவிட்டான். கஸ்தூரி கவாத்தைத் தள்ளாமல் இருந்திருந்தால் பூவைக் காட்டி நிறுத்தியிருப்பான். தள்ளியதால் பூ இல்லாததைக் காட்டி நிறுத்தினான். எப்படி வெட்டினாலும் அவள் நிற்க வேண்டிய இடம் தோட்டமாகவே இருந்தது.

பதினெட்டாம் தேதியும் வந்தது. இருட்டோடு எழுந்தவள், என்றும்போலக் குளித்தாள், என்றும்போல மடியைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. செடி கொள்ளாமல் மொட்டு பிடித்திருந்தது. பறிக்கிற பெண்கள் ஆறு பேரும் வந்துவிட்டார்கள். கஜபதி கூடைகளை அடுக்கிக்கொண்டே அவள் பக்கம் பார்க்காமல் சொன்னான்.

"போவாதேன்னு நான் சொல்லல. பறிச்சிக் குடுத்துட்டு போ."

பறித்து முடிக்க எட்டு மணியாகும். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தும் அவள் கை தானாக மொட்டைத் தேடிப் போனது. ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குத் திரும்பிவிட்டாள்.

பக்கத்து வரிசையிலிருந்து அங்கம்மா கேட்டாள். "இன்னிக்குத்தானே ஒனக்கு முகூர்த்தம், கண்ணு?"

"ஆமாக்கா."

"அப்போ இங்க இன்னா பண்ணிகினு கீறே?"

இத்தனை வருஷத்தில் அவளை யாரும் கேட்காத கேள்வி அது. கஸ்தூரி பறிப்பதை நிறுத்தினாள். மடியை அவிழ்த்தாள். பறித்த மொட்டெல்லாம் காலடியில் கொட்டியது.

"எனக்குப் பொண்ணு ஊட்டுக்காரங்கன்னு அங்க வந்து நிக்க ஆளு இல்லக்கா. நீங்கல்லாம் வர்றீங்களா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், கஜபதியைப் பார்த்தார்கள். முதலில் அங்கம்மா மடியை அவிழ்த்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக அவிழ்த்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து நாகம்மா அரக்குப் பட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடைசிப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். புருஷன் முகத்தை அவள் திரும்பியே பார்க்கவில்லை.

"ஏ கஸ்தூரி! பூவு வீணாப்பூடும்மே!" என்று கஜபதி பின்னாலிருந்து கத்தினான். எட்டுப் பெண்களும் முதல் பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

மாங்காட்டில் ஏழு பத்துக்குத் தாலி ஏறியது. சேறு காயாத காலோடு ஆறு பெண்கள் பெண் வீட்டாராக நின்று அட்சதை போட்டதை குணசேகரனின் அம்மா முதலில் ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சம்பந்தி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். கஸ்தூரி அன்றைக்குச் சிரித்ததுபோல் யாரும் பார்த்ததில்லை.

அண்ணன் காலில் விழாமல் ஆவடிக்குப் போகக்கூடாது என்று நாகம்மா பிடிவாதம் பிடித்தாள். பொழுது சாய்கிற நேரத்துக்கு கஸ்தூரியும் குணசேகரனும் மேனாம்பேட்டுக்கு வந்தார்கள். வாசலுக்கு வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. வேலியைத் தாண்டியதும் கஸ்தூரி நின்றுவிட்டாள்.

தோட்டம் முழுக்க மலர்ந்திருந்தது. பச்சையே தெரியாமல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. பதினாலு வருஷமாக அந்தச் செடிகளை வளர்த்தவள் அவள். ஆனால் மல்லி செடியில் பூத்து அவள் பார்த்ததே இல்லை. மொட்டாகவே பறித்துக் கூடையில் போய்விடும், பூப்பதெல்லாம் யாரோ ஒருத்தியின் தலையில், யாருடைய கல்யாண மேடையிலோ. தன் கல்யாணத்தன்றைக்குத்தான் தன் தோட்டம் பூத்ததைப் பார்த்தாள். அவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

வரப்பில் கஜபதி உட்கார்ந்திருந்தான். கூடைகள் காலையில் அடுக்கியபடியே இருந்தன. ரிசப்ஷனுக்குப் பூக்கடையில் வாங்கிக் கொடுத்தானாம். "ஒத்த ஆளு எத்தினிதான் பறிக்கிறது" என்றான், யாருக்கோ சொல்வதுபோல. இருவரும் காலில் விழுந்தார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கையின் தலையில் கையை வைத்தான். "நல்லா இரும்மே" என்று மனசாரச் சொன்னான். குணசேகரனின் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல, சூதுவாது இல்லாமல் கேட்டான்.

"நாளிக்கு எத்தினி மணிக்கு வருவே?"

"நாலு மணிக்குண்ணா" என்றாள் கஸ்தூரி.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. குணசேகரன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.