பக்கத்துப் பாய்

குலசேகரம் அங்கிளுக்கு வெள்ளைக்காரர் மேல் கோபம் வந்தது போன மார்கழியில். அதற்கு முன்னர் அவர் லண்டனில் கோபித்துக்கொண்டதெல்லாம் பஸ் லேனுக்குள் கார் விடுகிறவர்களோடு மட்டுந்தான்.

"நான் பாயை விரிச்ச உடன பக்கத்தில கிடந்தவன் தன்ர பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்புறான் பிள்ளை. எத்தனை வருசம் ஒண்டா இருந்து தேத்தண்ணி குடிச்சவங்கள். என்ர நிறம் இப்பத்தான் அவங்கட கண்ணில பட்டிருக்கு."

இதைச் சொல்லும்போது அவர் என் காரின் முன்சீற்றில் இருந்தார். சனிக்கிழமைகளில் நான் லூயிஷாமிலிருந்து வந்து, தோர்ண்டன் ஹீத்தில் அவரை ஏற்றிக்கொண்டு, சரேப் பக்கம் உள்ள எங்கள் றைபிள் கிளப்புக்குப் போவேன். அவரால் இப்போது நீளமாகக் கார் ஓட்ட ஏலாது. பஸ்சின் ஸ்டியறிங்கை ஆயுளில் பாதி சுற்றியதில் வலத்தோள் சவ்வு கிழிந்து, ஒப்பரேஷன் செய்து, இப்போது டிப்போவில் மேசை வேலை. முன்சீற்றில் பெல்ற் இடத்தோளில் விழும், வலத்தோளுக்கு உபத்திரவம் இல்லை. பின்சீற்றில் ஏறவே மாட்டார்.

"நீ ஒராள் மட்டுந்தான் பிள்ளை என்ர பக்கத்தில இருக்கிறாய்," என்றார். "எங்கட ஆள் எங்கட ஆள்தான்."

நான் றோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். எனக்கு வந்த எரிச்சலில் ஸ்டியறிங்கைக் கடித்திருப்பேன். ஏனென்றால் அந்த வெள்ளைக்காரர் ஏன் எழும்பிப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் எழும்பிப் போகத்தான் விருப்பம்.

சுடும்போது துவக்கு பின்னுக்கு உதைக்கும். அங்கிளுடையது மான் வேட்டைக்குப் பாவிக்கிற பெரிய துவக்கு, அது உதைப்பது அவருடைய வெட்டித் தைத்த தோளில். பின்கட்டையில் தடித்த றப்பர் மெத்தை பூட்டிப் பார்த்தார். துவக்கைப் பாரமாக்கிப் பார்த்தார். நாலைந்து வெடியில் முகம் வெளிறிவிடும். கிளப்பின் கப்டன் டெரெக் அப்போதே ஒரு வழி சொன்னார். குழல் வாயில் மொடறேற்றர் ஒன்று பூட்டு, சத்தமும் குறையும், உதையும் குறையும், பொலிஸில் அனுமதி கேட்டால் தருவார்கள் என்றார்.

மொடறேற்றர் என்பது சைலன்சருக்கு இங்கே உள்ள மரியாதையான பெயர். அங்கிளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் வேர்த்துவிட்டது.

"லண்டன் மெற் பொலிஸிட்டப் போய் ஒரு தமிழன், ஐயா எனக்கு ஒரு சைலன்சர் வேணும் எண்டு கேக்கிறதோ? விசரே உனக்கு? அடுத்தநாள் விடியக் கதவை உடைச்சுக்கொண்டு நிப்பாங்கள்."

சிரிக்க ஏலாது. இருபது வயதில் வவுனியாவில் இவருடைய சேட் பொக்கற்றில் இரண்டு ரோச் பற்றறி இருந்ததற்காக ஆமி பிடித்துக்கொண்டு போனது. குண்டு செய்யலாமென்று பற்றறிக்கு அந்த நாளில் தடை. என்ன நடந்தது என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்திட்டு இஞ்ச துவக்குப் பிடிக்கிறார்," என்று அவருடைய மனைவி சந்திரவதனா அன்ரி எல்லோர் முன்னாலும் பகிடி பண்ணுவார். அதற்கு அங்கிள் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார். "இஞ்ச நான் சொன்னாத்தானே அது வெடிக்குது."

அதனால் அவர் அனுமதி தேவையில்லாத ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதற்குப் பெயர் பிரேக். குழல் வாயில் பூட்டுகிற சின்ன இரும்புத் துண்டு, இரண்டு பக்கமும் துளைகள். வெடிக்கும்போது வருகிற காற்றை அது பக்கவாட்டில் திருப்பிவிடும். உதை பாதியாகக் குறையும். முதல்நாள் அங்கிள் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். "பிள்ளை, தட்டிக் குடுக்கிற மாதிரிக் கிடக்கு," என்றார்.

அவருக்குத் தட்டிக் கொடுத்த அதே காற்று, பக்கத்துப் பாயில் படுத்திருப்பவனின் முகத்தில் அறைந்தது. எங்கள் கிளப்பில் சுடுகிற இடம் தகரக் கூரைக்குக் கீழே, படுத்துச் சுட வரிசையாகப் பாய்கள். காதுமூடி போட்டிருந்தும் பல்லுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் இடித்தது. சுடுகிறவருக்கு மட்டும் அது விளங்காது. அவர் துளைகளுக்குப் பின்னால் இருக்கிறார்.

வெள்ளைக்காரரில் ஒருத்தன், "இதைக் கழற்றப்பா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல துவக்கு என்று பாராட்டிவிட்டு, பாயைச் சுருட்டி நாலு பாய் தள்ளிப் போய் விரித்தார்கள். டெரெக் வந்து, கடைசிப் பாய் உங்களுக்கு வசதியாக இருக்குமோ என்று தேன் தடவிக் கேட்டார். அங்கிளுக்கு அது போதும். "பாத்தியோ, என்னை மூலைக்குத் தள்ளப் பாக்கிறான்." நடுவிலேயே விரித்தார். அவருக்கு இடப்பக்கம் ஒருவரும் இல்லை. வலப்பக்கம் நான்.

நானும் எழும்பினால் அவர் அடுத்த சனி வரமாட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். உண்மையைச் சொன்னாலோ, பிரேக்கைக் கழற்றுவார், தோள் நோகப் பல்லைக் கடித்துக்கொண்டு சுடுவார், அல்லது துவக்கையே விற்றுவிடுவார். அந்தப் பாயில் கிடக்கும்போது மட்டுந்தான் அந்த மனிசன் ஆறுதலாக மூச்சு விடுவதை நான் கண்டிருக்கிறேன். என்ன செய்ய? நான் காதுமூடிக்குள் பஞ்சும் அடைத்துக்கொண்டு படுத்தேன். என் மூக்குக்கண்ணாடிக் காம்பு இடையில் நிற்பதால் மூடி சரியாக ஒட்டாது என்பது தெரிந்தும் படுத்தேன்.

மாசி மாதமளவில் என் இடக்காதில் விசில் தொடங்கிவிட்டது.

எனக்கு வேலை காதால். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டறையில் அவசர அழைப்பு எடுக்கிறேன். ஹெட்செற்றை எப்போதும் இடக்காதில் போடுகிறவள், ஒருவருக்கும் சொல்லாமல் வலக்காதுக்கு மாற்றினேன். மாற்றினாலும் விசில் ஊடே வந்தது. ஒருநாள் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து ஒரு பெண் எடுத்தாள். புருசன் குளியலறையில் விழுந்து கிடக்கிறான், அவளுக்கு அழுகையில் குரல் வரவில்லை. வீட்டு இலக்கத்தை நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். "ஏன் உனக்குக் கேட்கவில்லை?" என்று அவள் கடைசியில் கத்தினாள். வண்டி நேரத்துக்குப் போனது, அவன் பிழைத்தான். அடுத்தமுறை அந்த நேரம் கிடைக்காமல் போனால்?

அந்தச் சனி, சொல்லியே தீர்வது என்று போனேன். க்றொய்டன் தாண்டவில்லை, அங்கிள் தொடங்கிவிட்டார். "உனக்கொண்டு சொல்லட்டே பிள்ளை, நீயும் இல்லையெண்டா நான் இந்தக் கிளப்பை எப்பவோ விட்டிருப்பன்." என் வாய் பூட்டிக்கொண்டது. எனக்கு அவர் மேல் கோபம், டெரெக் மேல் கோபம், எல்லாரையும் விட என் மேல் கோபம்.

பாய் விரித்துப் படுத்தோம். அவர் துவக்கில் ரவை போடுவதற்கு முன், என் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

"அங்கிள், உங்கட துவக்கால நான் ஒரு வெடி வைக்கட்டோ? நீங்கள் என்ர பாயில படுங்கோ."

அவருக்குச் சந்தோசம். "வா வா. வடிவாத் தோளோட ஒத்திப் பிடி." டெரெக்கிடம் கேட்டோம். டெரெக் என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு துளைகள் வைத்த அந்த இரும்பைப் பார்த்தார், தலையாட்டினார். அங்கிள் என் பாயில் படுத்து, காதுமூடியைச் சரிசெய்து, என்னைப் பார்த்து ஊக்கமாகச் சிரித்தார்.

நான் சுட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை. தோளில் ஒரு சின்னத் தள்ளு, அவ்வளவுதான். இவ்வளவு நாளும் அவருக்கு இது இப்படித்தான் இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

அங்கிள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு பாயில் முகம் புதைத்துக் கிடந்தார். முழங்கால்கள் வயிற்றோடு மடிந்திருந்தன. டெரெக் சுடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடி வந்தார். நான் துவக்கை வெறுமையாக்கி வைத்துவிட்டு அவருடைய முதுகில் கையை வைத்தேன். முதுகு துடித்தது. நான் இதை நினைத்துச் செய்யவில்லை. ஒரு சத்தத்தைக் காட்ட நினைத்தேன், அது அவரை எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் யோசிக்கவேயில்லை. சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்ட கோழைத்தனம் இதில் வந்து நின்றது.

கொஞ்சநேரம் கழித்து அவர் எழும்பி இருந்தார்.

"இதுக்குப் பக்கத்திலயோ நீ படுத்துக் கிடந்தனீ?"

"ஓம் அங்கிள்."

"எப்ப தொடக்கம்?"

"நீங்கள் அதைப் பூட்டின நாள் தொடக்கம்."

"அவங்கள் அதுக்குத்தானோ எழும்பிப் போனவங்கள்?"

"ஓம்."

அவர் திருகுசாவியை எடுத்துப் பிரேக்கைக் கழற்றினார். "காது?" என்று கேட்டார்.

"பரவாயில்லை அங்கிள்," என்றேன். பொய்.

அதற்குப் பிறகு நடந்ததை அன்ரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கிள் பொலிஸுக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பித்த நாளிலிருந்து ஒழுங்காக நித்திரை இல்லை, வாசலில் கார்க் கதவு அடித்தால் ஜன்னலுக்குப் போய்விடுவார். கடைசியில் துவக்கு அனுமதி பார்க்கிற உத்தியோகத்தர் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். துவக்கு வைக்கிற இரும்புப் பெட்டியைப் பார்த்தாள், அன்ரி பொரித்து வைத்த றோல்ஸில் இரண்டைச் சாப்பிட்டாள். தோள் ஒப்பரேஷன் செய்த ஆள் இவ்வளவு நாளும் மொடறேற்றர் இல்லாமலா சுட்டீர்கள், காதுக்கும் நல்லதுதானே, முதலே கேட்டிருக்கலாமே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். "இவ்வளவுதானோ?" என்று அங்கிள் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். குசினிக்குள் வந்தும் சொன்னாராம். பிறகு அங்கேயே நின்று அழுதாராம்.

அனுமதி வந்து, நேற்றுச் சனி மொடறேற்றரைப் பூட்டிக்கொண்டு வந்தார். தடித்த கறுப்புக் குழாய், பார்வைக்கு வடிவில்லை. முதல் வெடி வைத்தார். காதுமூடிக்குள், கனமான புத்தகம் நிலத்தில் விழுந்த அளவு சத்தந்தான். தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, "நோகேல்லை," என்றார். அடுத்த சில வெடிகளுக்குள் டெரெக் தன் பாயைக் கொண்டுவந்து அவருடைய இடப்பக்கம் விரித்தார். ஒன்றும் நடக்காதது மாதிரி, காலநிலையைப் பற்றிக் கதைத்தார். அங்கிளும் காலநிலையைப் பற்றியே பதில் சொன்னார்.

நான் என் சின்னத் துவக்கோடு கிடந்தேன். கிளப்பில் இவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. அந்த அமைதிக்குள் என் காதின் விசில் தெளிவாக, இடைவிடாமல் கேட்டது.

திரும்பி வரும்போது அங்கிள் முன்சீற்றில் இருந்து வாய் ஓயாமல் கதைத்தார். அவர் என் இடப்பக்கம். நான் "ஆ?" என்றேன். திருப்பிச் சொன்னார். மறுபடி "ஆ?" என்றேன். மூன்றாவது முறை அவர் திருப்பிச் சொல்லவில்லை.

"பிள்ளை, காரை ஓரங்கட்டு."

நிறுத்தினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தமுறை வாய் பூட்டவில்லை.

"விசில் அடிக்குது அங்கிள். மாசியிலயிருந்து. இனிப் போகாது எண்டு ஸ்பெசலிஸ்ற் சொல்லிப்போட்டார். வேலையில சொல்லீட்டன், போனில இருந்து எடுத்து வேற பகுதிக்கு விடுகினம்."

"நான் கேட்டனான். பரவாயில்லை எண்டனீ."

"ஓம். பொய் சொன்னனான்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டால் அதைவிட மோசம், என்னால் தாங்க ஏலாது. அவர் இரண்டும் செய்யவில்லை. பெல்ற்றைக் கழற்றி, கதவைத் திறந்து இறங்கி, காரைச் சுற்றிப் பின்பக்கமாக வந்தார். என் சீற்றுக்கு நேர் பின்னால், வலப்பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

கண்ணாடியில் பார்த்தேன். பெல்ற்றை இழுத்துப் பூட்டினார். அது சரியாக அந்த வெட்டித் தைத்த தோளின் மேல் விழுந்தது. முகம் சுருங்கியது, பிறகு நிமிர்த்திக்கொண்டார். முன்னுக்குக் குனிந்து என் வலக்காதுக்குக் கிட்ட வந்தார்.

"இப்பக் கேக்குதோ?"

"கேக்குது அங்கிள்."

"அப்ப காரை எடு," என்றார். விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடங்கி, தோர்ண்டன் ஹீத் வரும்வரை அந்தத் தோளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.